கவுன்சில் வீட்டுத் தோட்டம்: எது உங்கள் பொறுப்பு, எது கவுன்சிலின் பொறுப்பு?

கேள்வி: இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வாடகைக்குக் கொடுத்த வீடொன்றில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கிறோம். பின்வளவில் புல்லும் முட்பற்றையும் இடுப்பளவு வளர்ந்துவிட்டதாகவும், 28 நாட்களுக்குள் துப்புரவு செய்யாவிட்டால் கவுன்சிலே ஆள் வைத்துச் செய்து செலவை எங்களிடம் அறவிடும் என்றும் கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் குடிவந்தபோதே அங்கே உடைந்த சோபாவும் பற்றையும் கிடந்தன. கணவர் பக்கவாதம் வந்தபின் குனிந்து வேலை செய்ய முடியாதவர். மூலையில் நிற்கும் பெரிய மரம் அயல்வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. வேலியும் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. எல்லாமே எங்கள் பொறுப்பா?

பதில்: எல்லாமே உங்கள் பொறுப்பல்ல, ஆனால் புல் உங்கள் பொறுப்புத்தான். தவணை முடியும்வரை கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் எழுத்தில் சொல்லாத எந்தக் காரணமும் கவுன்சிலின் கோப்பில் இராது.

வாடகை வீடுகளின் பழுதுபார்ப்பைப் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கூரை, சுவர், பீலி, வடிகால் ஆகியவற்றையும், தண்ணீர், எரிவாயு, மின்சாரம், வெப்பமூட்டல் ஆகியவற்றுக்கான சாதனங்களையும் வீட்டு உரிமையாளரின் தலையில் வைக்கிறது. தோட்டப் பராமரிப்பு அதில் இல்லை. ஆகவே உங்கள் கடமை எது என்பதை நீங்கள் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். புல்லை வெட்டுவதும், செடிவேலியை அளவாகக் கத்தரிப்பதும், குப்பை சேரவிடாமல் பார்ப்பதும் வாடகையாளரின் கடமை என்ற வாசகம் பெரும்பாலான கவுன்சில் ஒப்பந்தங்களில் உண்டு. பூந்தோட்டம் போட வேண்டும் என்று அது கேட்பதில்லை. ஒழுங்காக இருந்தால் போதும். கடிதம் எந்த வாசகத்தைச் சுட்டுகிறது என்று பார்த்து, அதை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டு வாசியுங்கள்.

அடுத்தது சோபா. முன்பிருந்தவர் விட்டுச்சென்ற குப்பைக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று வாதிடலாம். அதற்குச் சான்று வேண்டும். குடிவந்த வாரத்தில் கைபேசியில் எடுத்த படங்களில் தற்செயலாகப் பின்வளவு தெரிந்தாலும் அது பெறுமதியான சான்றுதான், ஏனெனில் படத்தோடு திகதியும் பதிந்திருக்கும். உங்களைப் பற்றிக் கவுன்சில் வைத்திருக்கும் தகவல்களின் பிரதியைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சாவி கையளித்த நாளின் குறிப்புகள் அதில் இருக்கக்கூடும். இரண்டு ஆண்டுகளில் வளர்ந்த புல்லையும் இந்த வாதத்துக்குள் சேர்த்துவிடாதீர்கள். உங்கள் பங்கை ஒப்புக்கொண்டு எழுதும் கடிதத்தில்தான் மற்றைய மறுப்புகளுக்கு வலு இருக்கும்.

உங்கள் கணவரின் நிலையைக் கவுன்சில் அறிந்திருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. உடலியலாமை உள்ளவர்களுக்கு நியாயமான மாற்று ஏற்பாடுகளைச் செய்யும் கடமையை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கவுன்சிலின் மீது சுமத்துகிறது. கூடுதல் தவணை கேளுங்கள். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் புல்வெட்டிக் கொடுக்கும் உதவித் திட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல கவுன்சில்களில் அது உண்டு, ஆனால் வீட்டில் வேலை செய்யக்கூடிய வளர்ந்தவர் வேறு எவரும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை அடிக்கடி காணலாம். நீங்கள் முழுநேரமும் அவரைப் பராமரிப்பவரானால் அதைத் தயங்காமல் எழுதுங்கள். குடும்ப வைத்தியரின் கடிதத்தையோ, பி.ஐ.பி. (உடலியலாமைக்கான அரச உதவித்தொகை) கொடுப்பனவுக் கடிதத்தையோ இணையுங்கள். நோயை அயலாரிடம்கூடச் சொல்லாத நம் குடும்பங்கள் பல. இந்த உரிமையைப் பெற அதைக் கவுன்சிலிடமாவது சொல்லத்தான் வேண்டும்.

முட்பற்றையில் கை வைப்பதற்கு முன் பறவைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். காட்டுப் பறவை கட்டிக்கொண்டிருக்கும் கூட்டையோ, பயன்படுத்தும் கூட்டையோ தெரிந்தே கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்; மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதிக கவனம் தேவை. சற்றுத் தள்ளி, சமையலறை யன்னலோரமாக அரை மணி நேரம் நின்று பாருங்கள். ராபினோ பிளாக்பேர்டோ அலகில் புழுவோடு திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குள் நுழைந்தால், அங்கே குஞ்சு இருக்கிறது என்று கொள்ளலாம். அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை வெட்டி, காரணத்தைக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். மூங்கில்போல் கணுவும், தண்டில் ஊதாப் புள்ளிகளும், வளைந்து வளைந்து செல்லும் கிளைகளில் மண்வெட்டி வடிவ இலைகளும் உள்ள செடி தென்பட்டால் வெட்டவே வேண்டாம். அது வேகமாகப் பரவும் களையாகிய ஜப்பானிய நொட்வீட் ஆக இருக்கலாம். சிறு வேர்த்துண்டு போதும், மறுபடி முளைத்துவிடும். தோட்டக் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. படம் எடுத்து உடனே அறிவியுங்கள்.

மரத்தை நீங்களோ, தெரிந்த ஒருவரோ வெட்ட வேண்டாம். குடிவருவதற்கு முன்பே நின்ற பெரிய மரங்களைப் பல கவுன்சில்கள் தம் பொறுப்பிலேயே வைத்திருக்கின்றன. உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அது அனுமதியின்றி வெட்டக் கூடாதென்று பாதுகாப்பு ஆணையிடப்பட்ட மரமாக இருக்கலாம். பழைமையும் தோற்றமும் காக்கப்பட வேண்டிய பேணற்பகுதியாக (conservation area) அறிவிக்கப்பட்ட இடமாயின், தரையிலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் அடிமரம் 75 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த மரத்தை வெட்ட, கவுன்சிலின் திட்டமிடல் பிரிவுக்கு ஆறு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். மரம் சாய்ந்திருப்பதை இன்றே படத்தோடு தனி மின்னஞ்சலாக அனுப்புங்கள். நாளை அது விழுந்தால், ஆபத்தைக் கவுன்சில் எப்போது அறிந்தது என்பதே முதற்கேள்வியாக இருக்கும்.

வேலியைப் பற்றி, இடப்பக்க வேலி நம்முடையது என்றொரு நம்பிக்கை இங்கே பரவலாக உண்டு. அதற்குச் சட்ட அடிப்படை இல்லை. கவுன்சிலின் வரைபடத்தையும் ஒப்பந்தத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புதிய வேலியோ, ஷெட்டோ, கல் பதிப்போ செய்ய விரும்பினால் முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி பெறுங்கள். புல்வெட்டும் தொல்லை வேண்டாம் என்று முன்வளவு முழுவதற்கும் சிமெந்து போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: 2008 ஒக்டோபர் முதல், மழைநீர் உட்புகாத தரை ஐந்து சதுர மீற்றரைத் தாண்டி, அதில் விழும் நீர் வளவுக்குள்ளேயே மண்ணில் வடிய வழி இல்லாவிட்டால், திட்டமிடல் அனுமதியும் தேவை.

வீட்டைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஒப்பந்தத்தை மீறியதற்காகக் கவுன்சில் வழக்குத் தொடரலாம் என்பது உண்மையே. ஆனால் பாதுகாக்கப்பட்ட குடியிருப்புரிமை (secure tenancy) உள்ள ஒருவரை வெளியேற்றுவது நியாயமானது என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே அதற்கு ஆணையிட முடியும். அறிமுகக் காலமாகிய முதல் ஆண்டில் இந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் அதைக் கடந்திருப்பீர்கள். துப்புரவுச் செலவுக்கான பில் வந்தால் எந்த வேலைக்கு எவ்வளவு என்ற விபரம் கேளுங்கள், தவணையாகச் செலுத்தவும் கேட்கலாம். அந்தச் சர்ச்சைக்காக வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பதில் கடிதத்தில் ஹவுசிங் ஒஃபிசர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உரிய பதில் கிடைக்காவிட்டால் முறைப்பாடாகப் பதியுங்கள்: அதை ஏற்றுக்கொண்டதாக அறிவித்ததிலிருந்து முதற்கட்டத்தில் 10 வேலை நாட்களிலும், மேன்முறையீட்டில் 20 வேலை நாட்களிலும் பொதுவாகப் பதில் வர வேண்டும். அதன் பின்னும் தீராவிட்டால் வீட்டு உரிமையாளர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம்.