வேலூரில் முதுநிலை படிக்கும் ஆண் மாணவன் அலட்டல் இல்லாமல் அழகாக உடுத்துவது எப்படி?

காட்பாடியில் எம்.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டி-ஷர்ட்டும் ரப்பர் செருப்புமாகப் போனால் இளநிலை முதலாண்டுப் பையன் என்று நினைக்கிறார்கள். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டிப் போனால், இன்றைக்கு நேர்காணலா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா? பெரிய செலவு செய்ய முடியாது."

இருக்கிறது. நான் குடியாத்தம் பக்கத்துக்காரன். வேலூரில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன், அதுவும் வேதியியலில்தான். அதனால் உங்கள் நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். காலையில் வகுப்பு, பிறகு ஆய்வகம், நடுவில் வழிகாட்டிப் பேராசிரியரின் அறை, மாலையில் டீக்கடை. காலையில் மாட்டிய சட்டை இரவு விடுதிக்குத் திரும்பும்வரை ஈடுகொடுக்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிராமங்களிலிருந்து வரும் பல பையன்களிடம் ஒரு தயக்கத்தைப் பார்க்கிறேன். நன்றாக உடுத்துவது சென்னை, பெங்களூரு பையன்களின் சமாச்சாரம், நமக்கு அது ஒட்டாது என்று நினைக்கிறார்கள். இதை நான் கொஞ்சமும் ஏற்பதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கிற ஷூக்களை ஐரோப்பாவில் போட்டு நடக்கிறார்கள். குடியாத்தம் லுங்கிக்குப் பெயர்போனது, ஆரணி பட்டுக்கு. பழைய வட ஆற்காடு மாவட்டம் துணியிலும் தோலிலும் தேர்ந்த கைகள் நிறைந்த பகுதி. நல்ல உடைக்கு வேண்டியதெல்லாம் பஸ்ஸில் ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவுக்குள் கிடைக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கும் கண்தான் நமக்கு வேண்டும்.

அந்தக் கண் முதலில் பார்க்க வேண்டிய இடம் தோள்பட்டை. நிறமும் பிராண்டும் விலையும் அதற்குப் பிறகுதான். லாங்கு பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் நான் வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் டெய்லர் பாய் இருக்கிறார். கடையில் வாங்கிய ஆயத்தச் (ரெடிமேட்) சட்டையோடு போய் நின்றால், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் கட்டைவிரலால் தோள் எலும்பின் முனையைத் தொட்டுப் பார்ப்பார். கையும் உடலும் சேரும் தையல் அந்த எலும்பின் மேல் விழுந்தால் தலையை ஆட்டுவார். ஓர் அங்குலம் கீழே இறங்கியிருந்தால், "இது உன் அண்ணன் சட்டை, தம்பி" என்பார். உடம்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், கையைச் சுருக்கலாம். தோளை மட்டும் பிரித்துத் தைத்தால் கூலியும் அதிகம், சட்டையும் பழைய சட்டையாக இருக்காது என்பது அவர் கணக்கு. ஆகவே கடையில் தோள் பொருந்தாத சட்டையை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அங்கேயே வைத்துவிடுங்கள்.

தோள் பொருந்திவிட்டால் மீதி எல்லாம் ஆல்டரேஷனில் சரியாகும். வெளியே விட்டு அணியும் சட்டையின் நீளம், பின்பாக்கெட்டின் பாதியை மறைத்தால் போதும். அதற்கும் கீழே இறங்கினால் கால் குட்டையாகத் தெரியும். கீழ்விளிம்பு நேராக வெட்டப்பட்டதாக இருந்தால் வெளியே விடலாம். இரண்டு பக்கமும் வளைந்து, முன்னும் பின்னும் நீண்டிருக்கும் சட்டை உள்ளே விடுவதற்கென்று வெட்டப்பட்டது. நேர்காணலா என்று கேட்கிறார்கள் என்கிறீர்களே, அந்தக் கேள்வி பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. அலுவலகத்துக்கு வெட்டிய சட்டையை உள்ளே விட்டாலும் நேர்காணல் தோற்றம், வெளியே விட்டாலும் கலைந்த தோற்றம். நேர்விளிம்புச் சட்டைக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அரைக்கைச் சட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி அதில்தான் போகிறது. ஆயத்தச் சட்டைகளில் கை முழங்கையைத் தொடுமளவுக்கு நீண்டு, வாய் அகலமாக விரிந்து நிற்கும். மேல்கையின் நடுப்பகுதியில் முடியும்படி மடித்து, கைக்கும் துணிக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாயைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சிறிய வேலைதான், அதற்குள் ஆளே மாறிவிடுவார். ஆனால் உடம்பை மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். பட்டன் போட்டபின் வயிற்றருகே இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று நான்கு அங்குலம் துணி கையில் சிக்க வேண்டும். காற்று போகாத சட்டை வேலூரில் காலை பதினொரு மணிக்கே முதுகில் ஒட்டிவிடும்.

வெயிலை மறந்துவிட்டு இங்கே உடை பற்றிப் பேச முடியாது. சுற்றிலும் பாறைக் குன்றுகள், கடல் காற்று எட்டாத தொலைவு. கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கம். அதனால் பருத்தி, லினன், கதர் இவற்றைத் தவிர வேறு துணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டையின் உள்பக்கம் தைத்திருக்கும் சிறு பட்டையைப் படித்துப் பாருங்கள். பாலியஸ்டர் பாதிக்கு மேல் கலந்திருந்தால் இஸ்திரி நிற்கும், உண்மைதான். வியர்வையும் நாற்றமும் கூடவே நிற்கும். வேதியியல் மாணவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலியஸ்டரும் நைலானும் சூடு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்துக்குப் பருத்தியே பாதுகாப்பு.

நிறத்தை வியர்வையை வைத்தே முடிவு செய்யலாம். சாம்பல் நிறமும் நடுத்தர நீலமும் ஈரத்தை அப்படியே காட்டிக் கொடுக்கும். கறுப்பில் ஈரம் தெரியாது, ஆனால் காய்ந்த பிறகு உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போடும். வெள்ளை இரண்டு பக்கமும் தப்பிக்கும். நம் மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் பாட்டில் பச்சை, செங்கல் நிறம், கடுகு மஞ்சள், அரக்கு எல்லாம் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்பதைக் கடைக் கண்ணாடி முன் நின்று பார்த்தால்தான் புரியும். "இருட்டு நிறத்துக்கு வெளிர் நிறம்தான்" என்று கடைக்காரர் வெளிறிய ரோஜாவை எடுத்துப் போட்டால் கேட்காதீர்கள். ஆழமான நிறம் நம் தோலில் ஒளிர்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

துணி எடுத்துத் தைப்பது இன்னும் நல்ல வழி. 58 அங்குல அகலத் துணி என்றால் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் எடுப்பார்கள், பேண்ட்டுக்கு 1.20 மீட்டர், உயரமானவர் என்றால் கொஞ்சம் கூடும். தைக்கக் கொடுப்பதற்கு முன் பருத்தித் துணியை ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும், தைத்த பிறகு அளவு மாறாது. கோ-ஆப்டெக்ஸில் கைத்தறிச் சட்டைத் துணி நன்றாக இருக்கும், தீபாவளி நேரத்தில் 30 சதவீதம் தள்ளுபடியும் கிடைக்கும். நூலில் அங்கங்கே தெரியும் சிறு முடிச்சும் தடிப்பும் கைத்தறியின் லட்சணம். இஸ்திரி கொஞ்சம் கலைந்தாலும் கைத்தறி கண்ணை உறுத்தாது. நீங்கள் தேடும் அந்த நடுவழி இந்தத் துணியில் தன்னாலேயே வந்துவிடுகிறது.

பேண்ட்டில் அதிகம் யோசிக்க வேண்டாம். அடர்நீல ஜீன்ஸ் ஒன்று, காக்கி அல்லது ஆலிவ் நிறத்தில் பருத்தி பேண்ட் ஒன்று. கிழிசல், வெளுத்த திட்டு இல்லாதவையாகப் பாருங்கள். கீழ்விளிம்பு ஷூவின் மேல் லேசாக ஒருமுறை மடிந்து நின்றால் போதும். இவற்றோடு, ஆய்வகத்துக்கென்று பழைய ஜீன்ஸ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீர்த்த கந்தக அமிலம் ஒரு துளி தெறித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஆவியாகி அமிலம் செறிந்து, துவைத்து இஸ்திரி போடும்போது அந்த இடத்தில் ஓட்டை விழும். ஆய்வக அங்கியின் பட்டன்களை மேலிருந்து கீழ்வரை போடுவதும் நல்ல உடை உடுத்தும் பழக்கத்தில் சேர்ந்ததுதான்.

காலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. என் சித்தப்பா ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை ஒன்றில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறார், நாள் முழுக்கத் தோலைத் தடவித் தடவிப் பார்ப்பவர். அவர் ஷூவை வாங்கும்போது நான் கூடப் போயிருக்கிறேன். முதலில் விரல் மடங்கும் இடத்தை மெதுவாக அழுத்தி மடிப்பார். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் நெருக்கமாக எழும்பி, விட்டதும் அடங்கும். மேலே பூச்சு பூசிய மட்டத் தோலில் பெரிய மடிப்பு ஒன்று விழும். கொஞ்ச நாளில் அங்கேயே வெடித்து உரியும். பிறகு வெட்டு விளிம்பைத் தேடுவார், நாக்குப் பகுதியில் அது தெரியும். அங்கே நாரிழைகள் தெரிந்தால் தோல், துணியின் நெசவு தெரிந்தால் ரெக்சின் என்ற செயற்கைத் தோல். கடைசியாக இரண்டு ஷூவையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட ஜோடிகளில் இடதுக்கும் வலதுக்கும் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும். "இதற்காகத்தான் கழித்திருக்கிறார்கள், போடுவதற்கு இது ஒரு குறையே இல்லை" என்று அவரே வாங்கிக்கொள்வார். தையல் விட்டிருந்தால் மட்டும் தொடமாட்டார்.

ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய கடைகளில் இப்படிப்பட்ட ஜோடிகளைப் பார்க்கலாம். சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாகத் தெரியும். ஐரோப்பிய அளவு 42 என்றால் நம் கடைகளில் சொல்லும் 8. பளபளக்கும் கறுப்பு ஷூவை விட்டுவிட்டு, பழுப்பு நிறத்தில் கயிறு கட்டும் எளிய ஷூ அல்லது கயிறில்லாமல் காலை நுழைத்துப் போடும் மூடிய லோஃபர் எடுங்கள். ஜீன்ஸுக்கும் போகும், பேண்ட்டுக்கும் போகும், ஆய்வக விதிப்படி காலும் மூடியிருக்கும். தினமும் அதையே போடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உள்ளே சேர்ந்த ஈரம் காய்ந்து தோல் நீடித்து உழைக்கும். மழையில் நனைந்தால் வெயிலில் வைக்க வேண்டாம், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்.

ஒரு ஜோடியைப் பல வருடம் உழைக்க வைக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணம் அல்ல. இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். பிறகு வந்த, குரோமிய உப்பால் பதனிடும் முறையின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் எப்படிக் கெடுத்தது என்பது ஊரறிந்த விஷயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பைத் தர வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே நிலைநிறுத்தியது. இந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவன் என்ற முறையில், மாதம் ஒரு ஜோடி மலிவு ஷூ வாங்கித் தூக்கிப் போடுவதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தண்ணீர் என்றதும் துவைப்பது நினைவுக்கு வருகிறது. விடுதியில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் என்றால், கட்டிச் சோப்பு அதோடு சேர்ந்து வெண்மையான கசடாகி நூலில் படிந்துவிடும். துணி விறைப்பதும் நிறம் மங்குவதும் அதனால்தான். அப்படிப்பட்ட தண்ணீருக்குச் சோப்புத்தூள் அல்லது திரவச் சலவைப் பொருள் மேல். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். பனியன் போடுகிறவர் என்றால் கையில்லாத, கழுத்து இறங்கியதைப் போடுங்கள், காலர் வழியே வெள்ளையாக எட்டிப் பார்க்கக் கூடாது.

டி-ஷர்ட்டை விட்டுவிட வேண்டியதில்லை. எழுத்தோ படமோ இல்லாத ஒரே நிறம், கழுத்துப் பட்டி தொய்யாதது, துணி 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) அளவில் இருந்தால் ஜீன்ஸோடும் அந்தப் பழுப்பு ஷூவோடும் தாராளமாகத் துறைக்கே வரலாம். கருத்தரங்கு நாளில் முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, ஷூவின் நிறத்திலேயே பெல்ட் கட்டுங்கள். மற்ற நாட்களில் அதே முழுக்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை அகலமாக மடித்து விடுங்கள்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்பீர்கள். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000 ரூபாய் என்று 2023 முதல் உயர்ந்திருக்கிறது, ஆனால் எம்.எஸ்சி. மாணவருக்கு அது கிடையாது. வீட்டில் தரும் பணத்தில்தான் எல்லாம். ஆகவே இந்த மாதம் எதுவுமே வாங்க வேண்டாம். இருக்கும் சட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுத் தோளைப் பாருங்கள். பொருந்துகிறவற்றை மட்டும் ஒரு பையில் போட்டு டெய்லரிடம் கொண்டுபோய், நீளத்தையும் கையையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஆம்பூருக்குப் போய் ஷூ வாங்கலாம். கைத்தறித் துணி தீபாவளித் தள்ளுபடி வரை காத்திருக்கட்டும்.