லினக்ஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்குவது: கேள்வி பதில்

கேள்வி: சார், உபுண்டு 22.04 லினக்ஸில், தொலைவிலிருந்து இணைக்க உதவும் எக்ஸ்ஆர்டிபி மென்பொருளைப் போட்டிருக்கிறேன். விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து இணைத்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. கொடுத்ததும் கறுப்புத் திரைதான், சில நேரம் அதுவும் மூடிக்கொள்கிறது. ஃபயர்வாலா?

பதில்: இல்லை. லாகின் பெட்டி வந்துவிட்டதென்றால் நெட்வொர்க், ஃபயர்வால், ரிமோட் இணைப்பு வரும் 3389 போர்ட் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அங்கே கை வைக்காதீர்கள். டெஸ்க்டாப்தான் கிளம்ப மாட்டேன் என்கிறது.

அதே பயனராக அந்தக் கணினியில் ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருக்கிறீர்களா? பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் அனுபவம். எக்ஸ்ஆர்டிபி சாதாரணமாக மானிட்டரில் ஓடுவதைக் காட்டாது, உங்களுக்கென்று புதிதாக ஒரு டெஸ்க்டாப்பைத் திறக்கும். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம், ஒரே பயனருக்கு இரண்டு என்றால் தகராறுதான். அங்கே போய் லாகவுட் செய்யுங்கள். திரையைப் பூட்டி வைத்தால் போதாது.

அப்படியும் வரவில்லையா? எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பை நிறுவி, ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் 'எக்ஸ்செஷன்' ஃபைலில் அதைத் தொடங்கும் ஒற்றை வரியை எழுதுங்கள். மெதுவான இணைப்புக்கும் க்னோமைவிட அதுவே தேவலை. அதற்கும் மசியவில்லையென்றால் எக்ஸ்ஆர்டிபி செஸ்மேன் என்ற பதிவு (லாக்) ஃபைலின் கடைசி இருபது வரிகளைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஊகத்தில் எதையும் மாற்ற வேண்டாம்.

கேள்வி: அண்ணா, எனக்குப் புது டெஸ்க்டாப் வேண்டாம். ஊரில் அப்பா பார்க்கும் அதே திரையை நானும் பார்த்து உதவ வேண்டும். க்னோமிலேயே உள்ள வசதியை ஆன் செய்தேன், வேலை செய்தது. கரண்ட் போய் வந்ததும் இணைய மறுக்கிறது. ஆட்டோ லாகின் போட்டிருக்கிறேன்.

பதில்: கோளாறு அந்த ஆட்டோ லாகினில்தான். ரிமோட் இணைப்புக்கான பாஸ்வேர்டை க்னோம் தன் கீரிங் என்னும் பாஸ்வேர்ட் பெட்டகத்தில் பூட்டி வைக்கிறது. ஒருவர் பாஸ்வேர்ட் தட்டி உள்ளே வந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். ஆட்டோ லாகினில் யாரும் எதையும் தட்டுவதில்லையே! அப்பாவைப் பாஸ்வேர்ட் போட்டு நுழையச் சொல்லுங்கள், சரியாகிவிடும். 24.04-க்கு மாறினால் இன்னும் வசதி. அதிலுள்ள க்னோம் 46-இல், யாரும் லாகின் செய்யாத நிலையிலும் இணைவதற்குத் தனியாக ரிமோட் லாகின் வந்துவிட்டது.

கேள்வி: திரையைப் பகிரப் பல வருடமாக ஓடிய எக்ஸ்11விஎன்சி என்ற விஎன்சி சர்வர், உபுண்டுவைப் புதுப்பித்த பிறகு ஓடவில்லை.

பதில்: திரையைக் கையாளும் புதிய முறையான வேலண்டுக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். அதில் ஒரு புரோகிராம் தன்னிஷ்டத்துக்குத் திரை முழுவதையும் படிக்க முடியாது. லாகின் திரையின் பல்சக்கரத்தில் பழைய முறையான எக்ஸ்ஆர்க் இருந்தால் தற்காலிகமாக அதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு அந்த வழியும் இல்லை, அதனால் க்னோமிலேயே உள்ள ஆர்டிபி ரிமோட் வசதிக்குப் பழகிவிடுவது நல்லது.

கேள்வி: வெளியூரிலிருந்து நுழைய ரவுட்டரில் 3389, விஎன்சிக்கான 5901 ஆகிய இரண்டு போர்ட்டுகளையும் திறந்துவிட்டேன். ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. இதைப் படித்த கையோடு இரண்டையும் மூடிவிடுங்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் போர்ட்டுகளை இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் ஏராளம். அதிலும் விஎன்சியின் பழைய பாஸ்வேர்ட் முறையில் முதல் எட்டு எழுத்து மட்டுமே கணக்கு. நீங்கள் இருபது எழுத்து வைத்தாலும் மீதி வீண். திரையில் ஓடுவதும் மறையாக்கம் இல்லாமலேயே போகும்.

விஎன்சி சர்வரை லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி வையுங்கள். வெளியிலிருந்து, மறையாக்கத்தோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச்சின் எல் ஆப்ஷனில் உங்கள் பக்கத்து 5901-ஐ அந்தப் பக்கத்து 5901-உடன் இணைத்துவிட்டு, விஎன்சி வியூவரில் லோக்கல்ஹோஸ்ட் 5901 என்று கொடுங்கள். எஸ்எஸ்ஹெச்சுக்குப் பாஸ்வேர்ட் வேண்டாம், சாவி ஃபைல் மட்டும் போதும்.

ரவுட்டரில் போர்ட் திறந்தும் வெளியிலிருந்து எட்டவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் வேன் (WAN) ஐபி, அதாவது வெளி முகவரி, 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது என்று அர்த்தம். அங்கே போர்ட் திறந்து பயனில்லை. உங்கள் கணினிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் போடுங்கள், ரவுட்டரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: மானிட்டரைக் கழற்றினால் திரை சின்னதாக வருகிறது, சில நேரம் வருவதே இல்லை.

பதில்: ஹெச்டிஎம்ஐ டம்மி பிளக் வாங்கிச் செருகுங்கள். மானிட்டர் இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். கூடவே, தானாகத் தூங்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸில் தமிழ்99 கீபோர்டு வைத்திருக்கிறேன். ரிமோட் திரைக்குள் தட்டினால் ஆங்கிலம்தான் விழுகிறது.

பதில்: விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் எந்தச் சாவியை அழுத்தினீர்கள் என்பதை மட்டும்தான் அந்தப் பக்கம் அனுப்புகிறது. எழுத்தாக மாற்றுவது லினக்ஸின் வேலை. அங்கே தட்டச்சு மென்பொருளான ஐபஸ்ஸும், அதற்கான எம்17என் என்ற மொழிக் கீபோர்டுத் தொகுப்பும் நிறுவி, தமிழ்99-ஐச் சேருங்கள். உள்ளே தட்டும்போது விண்டோஸ் பக்கம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். சேர்த்த பிறகு ஜன்னலை மட்டும் மூடாமல் லாகவுட் செய்து மறுபடி நுழையுங்கள், அப்போதுதான் ஐபஸ் புது அமைப்போடு கிளம்பும்.