மாடிக்குப் போனால் வீடியோ கால் நின்றுபோகிறது: பூஸ்டர் வாங்கலாமா?

கேள்வி: ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஹாலில் ஒரு ரௌட்டர், மாடியில் இன்னொன்று இருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாலும் தெருவில் இறங்கினாலும் படம் அப்படியே நின்றுவிடுகிறது. சில நேரம் மறுபடி முதலிலிருந்து சேர வேண்டியிருக்கிறது. கடைக்காரர் சிக்னல் பூஸ்டர் போடச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கவே வாங்காதீர்கள். மொபைல் சிக்னலைக் கூட்டும் அந்தப் பெட்டியை அரசின் உரிமம் இல்லாமல் விற்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்து வீடுகளின் சிக்னலையும் அது கெடுக்கும். இது எதையும் சொல்லாமல்தான் கடைகளில் தலையில் கட்டுகிறார்கள். 'நெட் ஸ்பீடு' ஆப்களும் உங்களுக்கு உதவாது.

உங்கள் சிக்கல் வேகம் இல்லை, முகவரி. ஒவ்வொரு நெட்வொர்க்கும் உங்கள் போனுக்கு ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. நெட்வொர்க் மாறினால் அதுவும் மாறும். வீடு மாற்றிவிட்டுத் தபால்காரரிடம் சொல்லாமல் விட்டால் கடிதம் பழைய வாசலுக்குத்தானே போகும்? ஆப் அதைக் கண்டுபிடித்து, புது வழியைப் பிடித்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற நேரம்தான் உங்கள் படம் நிற்கிற நேரம்.

சரி, ஒரே வீட்டுக்குள் மாடி ஏறினால் ஏன் மாற வேண்டும்? மாறவே கூடாது. இரண்டாவது ரௌட்டரை மாட்டியவர் அதைத் தனி நெட்வொர்க்காக விட்டுவிட்டுப் போயிருப்பார் என்பதுதான் என் சந்தேகம். நான் பார்க்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதை. நீங்களே சோதிக்கலாம். போனின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியை ஹாலில் ஒரு முறை, மாடியில் ஒரு முறை பாருங்கள். கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும், மூன்றாவது எண் வேறாக இருந்தால் அதுதான் கோளாறு. மாட்டியவரைக் கூப்பிட்டு, "மாடி ரௌட்டரை அக்சஸ் பாயிண்ட் மோடில் போடுங்கள், இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வையுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த மோடில் மாடி ரௌட்டர் தனி நெட்வொர்க்காக இல்லாமல் ஹால் ரௌட்டரின் நீட்சியாக வேலை செய்யும். பத்து நிமிட வேலை. புது ரௌட்டர் வாங்கினால்தான் ஆகும் என்று அவர் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

தெருவில் இறங்கும்போது நடப்பது வேறு. செத்துக்கொண்டிருக்கும் வைஃபையைப் போன் கடைசி வரை விடாது. ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் 'வைஃபை அசிஸ்ட்' இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் வைஃபை மோசமானால் டேட்டாவுக்கு மாறச் சொல்லும் வசதி உண்டு. அதை ஆன் செய்யுங்கள். தயக்கம் குறையும், ஆனால் முகவரி மாறத்தான் செய்யும்.

"வைஃபை காலிங்கில் சாதாரணப் போன் பேச்சு மட்டும் அறுவதில்லையே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அந்தப் பேச்சு உங்கள் வீட்டு வைஃபை வழியாகப் போனாலும், தனிச் சுரங்கப்பாதை போல நேராக உங்கள் சிம் நிறுவனத்தின் மையத்துக்குப் போய்ச் சேருகிறது. வெளியே வந்து 4ஜி டவரைப் பிடித்தாலும் பேச்சு அதே மையத்துக்குத்தான் போகிறது. அங்கே உங்கள் முகவரி மாறுவதில்லை. 4ஜியோ 5ஜியோ கிடைக்காத இடத்தில் வெளியே வந்தால் அதுவும் அறுந்துவிடும். வீடியோ ஆப்களுக்கு இந்த வசதி கிடையாது.

இதற்கெல்லாம் வழி தெரியாமல் இல்லை. ஒரே இணைப்பை வைஃபையிலும் டேட்டாவிலும் சேர்த்து ஓட்டும் மல்டிபாத் டிசிபி என்ற தொழில்நுட்பம் 2013லேயே வந்தது. அதே ஆண்டு ஆப்பிள் அதை ஐபோனின் குரல் உதவியாளரான 'சிரி'யில் (Siri) பயன்படுத்தியது. முகவரியை நம்பாமல் தனி அடையாள எண்ணை வைத்து இணைப்பைக் காக்கும் குயிக் (QUIC) என்ற இன்னொரு தொழில்நுட்பம் 2021ல் தரநிலையானது. இரண்டும் வேலை செய்ய ஆப், சர்வர் என இரு முனையும் ஒத்துழைக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டிய பெரிய நிறுவனங்கள் இத்தனை வருடமாக ஆற அமரச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதுவரை, பாதி வகுப்பில் வெளியே போக வேண்டி வரும் என்று தெரிந்தால், தொடங்கும் முன்பே வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவிலேயே நடத்துங்கள். ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குப் போகும்போது பொதுவாக முகவரி மாறாது.