ஒடெட்டும் ஒடீலும் ஒருவருக்கே ஏன்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பாலே நடனம் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன: ஒரு பாலே குழுவில் எந்தப் பாத்திரம் யாருக்குப் போகிறது, ஏன்? ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

லண்டனிலிருந்து ஒரு வாசகி: ஒரே வாரத்தில் ‘ஸ்வான் லேக்’ இரண்டு முறை பார்த்தேன். முதல் நாள் ஆடியவர் ஒடெட்டாக மனத்தை உருக்கிவிட்டார். ஒடீலாக வந்தபோது சப்பென்று இருந்தது. அடுத்த முறை ஆடியவரிடம் இது அப்படியே தலைகீழ். இரண்டு பாத்திரங்களையும் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: கதை தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. ஒடெட், மந்திரவாதி ரோத்பார்ட்டின் வசியத்தால் அன்னமாகிப்போன இளவரசி. ஒடீல், அவளைப் போலவே தோற்றம் மாற்றி அரண்மனை விருந்துக்கு அழைத்து வரப்படுகிறவள். இளவரசன் இவளை அவளென்று நம்பிக் கைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்துவிட, ஒடெட்டின் மீட்சிக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகிறது.

இரண்டு பேர் ஆடினால், ஆள் வேறு என்று அரங்கில் இருக்கும் நமக்கு உடனே தெரிந்துவிடும்; இளவரசன் வெறும் ஏமாளியாக நிற்பான். ஒருவரே ஆடும்போது, அந்த முகத்தையும் கைகளையும் முன் காட்சியில் பார்த்து உருகிய நாமும் ஒரு கணம் அவனோடு சேர்ந்து ஏமாறுகிறோம். ஒடீலின் ஆட்டத்தில் ஓர் இடம் உண்டு: இளவரசன் சற்றே தயங்கும் வேளையில், அவள் ஒடெட்டின் சிறகடிப்பைத் தன் கைகளில் வரவழைத்துக் காட்டுவாள். அதே கைகள் என்பதால்தான் அந்தப் பொய் நம்மைக் குத்துகிறது. நாடகத்துக்கு இது இன்றியமையாதது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் உங்கள் ஏமாற்றத்துக்கும் காரணம் இருக்கிறது. 1895-இல் புனித பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி அரங்கில் மரியஸ் பெட்டிபாவும் லெவ் இவனோவும் இந்த பாலேவைப் புதிதாக அமைத்தபோது, இரட்டைப் பாத்திரத்தை ஏற்றவர் இத்தாலியரான பியெரினா லென்யானி. ஒற்றைக் காலில் நின்று மறு காலைச் சாட்டைபோல் வீசிச் சுழலும் ‘ஃபுவெத்தே’ என்ற சுழற்சியை இடைவிடாமல் 32 முறை ஆடிக் காட்டும் வல்லமை அவருக்கு இருந்தது. அதனால் அது ஒடீலின் ஆட்டத்தில் இடம்பெற்றது. அதாவது, ஒருவருடைய உடலுக்கென்று வைக்கப்பட்ட ஒன்று, பின்னால் வந்த அத்தனை பேருக்கும் பரீட்சையாகிவிட்டது. அன்றைய இளவரசன் பாவெல் கெர்ட்டுக்கு வயது ஐம்பது. அதனால் ஏரிக்கரைக் காட்சியின் மெதுவான இணை நடனத்தில், லென்யானியைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை இளவரசனின் தோழன் பென்னோவும் பகிர்ந்துகொண்டான். நூற்றாண்டு கடந்தும் நாம் போற்றும் ஒரு படைப்பு, அன்று கையில் இருந்த ஆட்களின் பலத்தையும் பலவீனத்தையும் பார்த்துத்தான் வடிவம் பெற்றது.

பின்னாளில் ருஷ்ய பாலே கலைஞர் மாயா பிளிசெட்ஸ்கயா அந்த 32 சுழற்சிகளை விட்டுவிட்டு, அவற்றுக்குப் பதிலாக மேடையை வட்டமிட்டு வரும் வேகமான திருப்பங்களை ஆடினார். அவருடைய ஒடீல் அதனால் குறைந்துபோனதாக நான் ஒருபோதும் எண்ணியதில்லை. இணை நடனம் முடியும் தறுவாயில், இளவரசனின் கைப்பிடியில் நிற்கும் ஒடெட்டின் ஒரு பாதம் மற்றொரு கணுக்காலின் மேல் படபடவென்று துடிக்கும். வயலின் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். உடம்பின் மற்ற எந்தப் பகுதியும் அசையாது. பிடிபட்ட பறவையின் நெஞ்சைக் கையில் வைத்திருப்பது போன்ற அந்தச் சில நொடிகள் வாய்க்கப்பெற்றவர் சுழற்சியில் தடுமாறினாலும், தேர்வு என் கையில் இருந்தால் அவரையே தேர்ந்தெடுப்பேன். சுழற்சியைப் பயிற்சியால் ஓரளவு சரிசெய்துவிடலாம்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு எந்தப் பாத்திரத்தையும் கொடுக்கலாம் அல்லவா? உயரம், முகவெட்டு என்றெல்லாம் பார்ப்பது ஏன்?

பதில்: பிரான்சிலிருந்து வந்த பழைய மரபு ஒன்று இருக்கிறது. அதற்கு ‘எம்ப்ளுவா’ என்று பெயர். நெடிய உருவமும் நிதானமான நடையும் உடையவர்கள் இளவரசர்களாகவும், குறுகிய உடலும் விசையான தாவலும் உடையவர்கள் சுறுசுறுப்பான பாத்திரங்களிலும், மற்றவர்கள் நகைச்சுவை, நாட்டுப்புற ஆட்டங்களிலும் ஆட வேண்டும் என்று அது வகுத்து வைத்தது. இதில் பாதி நியாயம் உண்டு. விரல் நுனியில் நிற்க உதவும் முனைக்காலணியில் எழும்போது பெண்ணின் உயரம் ஏறக்குறைய அரை அடி கூடிவிடும் என்பதால், இணையாக ஆடும் ஆண் அவளைவிடக் குட்டையாக இருந்தால் அவள் இடுப்பைப் பிடித்துச் சுழற்றுவதும் தலைக்கு மேல் தூக்குவதும் இருவருக்குமே ஆபத்து. ‘ஸ்வான் லேக்’கின் நான்கு குட்டி அன்னங்கள் கைகோத்து ஆடுவதால் நால்வரும் ஒரே உயரமாக இருந்தே ஆக வேண்டும்.

மீதிப் பாதி வெறும் பழக்கம். லெனின்கிராடின் கிரோவ் குழுவில் மிகைல் பாரிஷ்னிகாவ் 1967-இல் முதலில் ஏற்றது ‘ஜிசெல்’ பாலேவில் குடியானவர்கள் ஆடும் இணை நடனம். குட்டையானவர் என்பதால் இளவரசப் பாத்திரங்கள் அவருக்குப் பொருந்தாது என்ற பேச்சு அங்கே நெடுநாள் இருந்தது. 1974-இல் சோவியத் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், நியூயார்க்கில் அதே ‘ஜிசெல்’ பாலேவில் பிரபு ஆல்பிரெக்டாக ஆடியபோது அந்தப் பேச்சை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. 1890-இல் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ அரங்கேறிய இரவில் என்ரிகோ செக்கெட்டி கொடிய கிழ தேவதையாகவும், காற்றில் மிதக்கும் நீலப் பறவையாகவும் ஒருவராகவே ஆடினார். வகுத்து வைத்த மரபுக்குள் இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: பதினான்கு வயதுகூட நிறையாத ஜூலியட்டாக 45 வயதுக்காரர் ஆடியதாகப் படித்தேன். இது பொருத்தமா?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது மார்கோ ஃபான்டெய்னை. வயதை மட்டும் வைத்துக் கேட்டால், பொருத்தமே என்பேன். கலினா உலனோவா 1956-இல் போல்ஷோய் குழுவோடு லண்டனுக்கு வந்து ஜூலியட்டாக ஆடியபோது அவருக்கு வயது 46. அரங்கில் இருந்தவர்கள் கண்டது ஒரு சிறுமியைத்தான்.

ஆனால் 1965-ஆம் ஆண்டு லண்டனில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. அதற்குக் காரணம் வயது இல்லை. ராயல் பாலேவுக்காக கென்னத் மேக்மில்லன் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டை அமைத்தது லின் சீமோர், கிறிஸ்டோஃபர் கேபிள் என்ற இளம் ஜோடியின் உடல்களின்மேல். உப்பரிகைக் காட்சி அவர்களுக்காகவே முந்தைய ஆண்டில் உருவானது. பிறகு அரங்கேற்றம் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டு, ஃபான்டெய்ன், நூரியெவ் ஜோடிக்குத் தரப்பட்டது. அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பெரிய பெயர்கள் தேவைப்பட்டன என்பதே காரணம். 1965 பிப்ரவரி 9 இரவு கைத்தட்டல் ஓயாமல் திரை மீண்டும் மீண்டும் உயர்ந்தது. குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் அது சரியான முடிவுதான்.

அந்தப் பாத்திரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் அங்கத்தில், ரோமியோ பிரிந்து போனபின், வேறொருவனை மணக்கச் சொல்லிப் பெற்றோர் நெருக்க, ஜூலியட் கட்டிலின் விளிம்பில் வந்து உட்கார்ந்து நம்மை நேராகப் பார்ப்பாள். புரோகோஃபியெவின் இசை அலையலையாகப் பெருகி எழும். அவள் ஒரு விரலைக்கூட அசைக்க மாட்டாள். முடிவெடுக்கும் ஒரு பெண்ணை ஆட்டமே இல்லாமல் காட்டிவிடலாம் என்று மேக்மில்லன் துணிந்தது, எதிரே சீமோர் இருந்ததால். ஃபான்டெய்ன் ஒப்பற்ற கலைஞர்; எனினும் அவருடைய அழகு, கோடு பிசகாத அழகு. மேக்மில்லனோ அழகு குலைவதைப் பற்றிக் கவலைப்படாத ஜூலியட்டையே வேண்டியிருந்தார். அடுத்த ஆண்டே அவர் பெர்லினுக்குப் போனார். சீமோரும் உடன் சென்றார். கேபிள் 1967-இல் பாலேவை விட்டு நடிப்புக்குப் போய்விட்டார். ஒருவரை மனத்தில் வைத்துச் செய்த பாத்திரத்தை அரங்கேற்ற இரவில் அவரிடமிருந்து எடுப்பது, தைத்துக் கொடுத்த சட்டையை வாசலில் வைத்துக் கழற்றி வாங்குவது போன்றது.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: இறுதி முடிவு யாருடையது?

பதில்: பெரும்பாலும் கலை இயக்குநருடையது, ஒத்திகை நடத்தும் ஆசிரியர்களைக் கலந்துகொண்டு அவர் பட்டியலை இடுவார். நடன அமைப்பாளர் உயிரோடு இருந்தால் அவர் சொல்லுக்கு எடை அதிகம். மறைந்தவர்களின் படைப்புகளுக்கு உரிமைதாரர்கள் ஆள் அனுப்புவார்கள். 1983-இல் காலமான ஜார்ஜ் பாலன்ஷினின் படைப்புகளைப் பிற குழுக்கள் ஆட விரும்பினால், அவர் பெயரிலான அறக்கட்டளையிலிருந்து வருபவரே வகுப்பைப் பார்த்து ஆட்களைத் தேர்வு செய்வது வழக்கம். குழுவில் யார் யாருக்கு வேண்டியவர் என்று தெரியாத அந்தப் புதிய கண், பின்வரிசையில் நிற்கும் ஒருவரை முன்னே அழைப்பதும் உண்டு.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்: வெள்ளுடையில் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தது போல நிற்கும் குழு நடனத்தில், கறுப்பினப் பெண் ஒருவர் நின்றால் ஒருமை குலைந்துவிடும் என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். உங்கள் கருத்து என்ன?

பதில்: உங்கள் நண்பரிடம் ‘லா பயாதேர்’ பற்றிச் சொல்லுங்கள். அதன் கதாநாயகி நிக்கியா, இந்தியக் கோயிலில் ஆடுகிறவள். 1877 முதல் அந்தப் பாத்திரத்தை ருஷ்யப் பெண்கள் ஆடிவருகிறார்கள்; நிறப் பொருத்தம் பற்றிய கேள்வி அங்கே எழுந்ததில்லை. அதே பாலேவில், சரிவுப் பாதையில் வெண்ணிழல்களாகப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப ஆடியபடி இறங்கி வரும் காட்சியில், ஒருமை பிறப்பது தூக்கிய காலின் உயரத்திலும் தலைச் சாய்விலும் அனைவரும் ஒன்றாக இழுக்கும் மூச்சிலும்தான். 1957-இல் பாலன்ஷின் ‘அகோன்’ என்ற படைப்பின் இணை நடனத்தைக் கறுப்பினத்தவரான ஆர்தர் மிட்செலுக்கும் வெள்ளையரான டயானா ஆடம்ஸுக்கும் அமைத்தார்; அன்றைய அமெரிக்காவில் அது சாதாரணத் துணிவு இல்லை. பின்னர் மிட்செல் நிறுவிய ஹார்லம் நடன அரங்கம், 1984-இல் ‘ஜிசெல்’ கதையை லூசியானா மாநிலத்துக்கு மாற்றி ஆடியது. அமெரிக்கன் பாலே தியேட்டர் குழுவில் ஒரு கறுப்பினப் பெண், மிஸ்டி கோப்லேண்ட், முதன்மைக் கலைஞர் நிலைக்கு உயர்ந்தது 2015-இல்தான். இத்தனை காலம் தாமதமானதற்கு ஒருமையைச் சாக்காகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

டொரன்டோவிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்குப் பதினாறு வயது, ஐந்தடி பத்து அங்குல உயரம். இந்த உயரத்துக்குப் பாத்திரமே கிடைக்காது என்று அவளுடைய ஆசிரியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை.

பதில்: அம்மா, முதலில் அவள் சாப்பாட்டைக் கவனியுங்கள்; தேவையானால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உயரம் பட்டினியால் குறையாது. எலும்பும் தசையும்தான் கெடும்.

ஆசிரியர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அவளோடு இணையாக ஆட மிக நெடிய ஆண்கள் வேண்டும், அவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பதில்லை. அதே சமயம், ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யின் லைலாக் தேவதை, ‘ஜிசெல்’லில் ஆவிகளின் அரசியான மிர்தா போன்ற பாத்திரங்களுக்கு நெடியவர்களைத் தேடுகிறார்கள். பாலன்ஷினின் படைப்புகள் நீண்ட கால்களையே விரும்புகின்றன. நெடிய உருவம் கொண்ட சில்வி கியெம், 1984-இல் தம் 19-ஆம் வயதில் பாரிஸ் ஓபராவின் மிக உயர்ந்த நிலையை அடைந்தவர்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அன்னா பாவ்லோவா மாணவியாக இருந்தபோது, மெலிந்த உடல், மிதமிஞ்சி வளைந்த பாதம், வலுவற்ற கணுக்கால் என்று குறைகள் சொல்லப்பட்டன. லென்யானியைப் போலச் சுழல முயன்று அவர் தம்மை வருத்திக்கொண்டார். ஆசிரியராக இருந்த பாவெல் கெர்ட், முன்னே சொன்ன அதே இளவரசர்தான், அந்த வித்தைகளை மற்றவர்களுக்கு விட்டுவிடு, உன் நளினமே உன் சொத்து என்ற கருத்துப்பட அவரைத் தடுத்தார். அந்த பாவ்லோவாதான் பின்னாளில் நம் ருக்மிணி தேவியிடம், உன் மண்ணின் கலையைத் தேடு என்று சொன்னவர்.

கெர்ட்டைப் போல் பார்க்கத் தெரிந்த கண் உங்கள் மகளுக்கும் வேண்டும். தேர்வு அறிவிப்புகளில் பல குழுக்கள் உயர வரம்பைக் குறிப்பிடுகின்றன. அவற்றை அவளோடு உட்கார்ந்து படித்து, நெடிய ஆண்கள் இருக்கும் குழுக்களைப் பட்டியலிடுங்கள். அடுத்த மாதம் ஆசிரியரைச் சந்திக்கும்போது, மெதுவான ஆட்டத்தில் அவள் சமநிலை எப்படி இருக்கிறது, தாவலில் என்ன குறை என்று தனித்தனியாகக் கேளுங்கள். அதற்கும் உயரம்தான் பதிலாக வந்தால், வேறோர் ஆசிரியரின் வகுப்பில் ஒரு வாரம் சேர்த்துப் பாருங்கள்.