வெள்ளைச் சுவர் சரி, தரைக்கு என்ன நிறம்?

வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

கேள்வி: குளியலறையில் ஷவர் வரும் பக்கம் மூன்று சுவருக்கும் பளபளப்பான வெள்ளை டைல்ஸ் வாங்கியாகிவிட்டது. 12-க்கு 24 அங்குலம். சுவர் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. தரைக்குக் கறுப்பு போட்டால் எடுப்பாக இருக்கும் என்கிறார் வீட்டுக்காரர். மகளோ, சுவர் டைலையே தரைக்கும் போட்டுவிடலாம் என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இருவர் பேச்சும் வேண்டாம். மகள் சொல்வதை உடனே தள்ளிவிடலாம். சுவருக்கான செராமிக் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் உறிஞ்சும் ரகம். ஆள் நடமாட்டத்தைத் தாங்கும் உறுதி அதற்குக் கிடையாது. நிரம்பிய வாளியை ‘டொக்’கென்று வைத்தாலே விரிசல் விடும். நனைந்தால் வழுக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். தரைக்கு ‘ஃப்ளோர்’ என்று பெட்டியில் அச்சிட்ட டைல்தான்.

கறுப்பு, கடையில் பார்க்க அழகுதான். வீட்டில் ஒரு குளியல் முடிந்து தரை காய்ந்ததும் அதன் சங்கதி தெரிந்துவிடும். துளி விழுந்த இடமெல்லாம் வெள்ளை வளையம், சோப்பு நுரை ஓடிய வழியெல்லாம் சாம்பல் பூத்த கோடு. தினமும் துடைக்க ஆள் இருந்தால் போடலாம்.

வெள்ளைச் சுவரோடு ஒத்துப்போகாத நிறமே இல்லை. அதனால் சுவரைப் பார்த்துத் தரையைத் தேர்ந்தெடுப்பதில் பயன் குறைவு. உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். டெல்டாவில் ஒரு ஊரின் போர் தண்ணீர் மாதிரி அடுத்த ஊரில் இருக்காது. கடலோரம் உப்பு, இன்னோர் இடத்தில் காவி, வேறோர் இடத்தில் இரண்டும். எந்தக் கறை விழப்போகிறதோ, அந்தக் கறையின் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டைலை எடுங்கள்.

கண்டுபிடிக்க இரண்டு சோதனை. குளிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். தட்டில் வெள்ளையாகப் படிந்தால் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அடுத்து, மோட்டாரிலிருந்து நேராக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, மூடாமல் ராத்திரி முழுக்க வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் காலையில் மஞ்சளித்து, அடியில் காவி வண்டல் இறங்கியிருந்தால் அதில் இரும்பு இருக்கிறது. கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிவிடுகிறது.

வெள்ளைப் படிவு என்றால் இளஞ்சாம்பல் அல்லது சிமென்ட் நிறம். காவி என்றால் மணல் நிறம், பிஸ்கட் நிறம், இளம்பழுப்பு. இரண்டும் உண்டு என்றால் சாம்பலும் பழுப்பும் புள்ளி புள்ளியாகக் கலந்த கல் மாதிரி டைல். ஆற்றுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீரிலேயே குளிக்கிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனாலும் வெள்ளைத் தரை வேண்டாம். தலைமுடி ஒன்று விழுந்தாலும் கண்ணில் குத்தும். எந்த நிறமானாலும் ஒரே சீரான நிறத்தைவிட லேசாகப் புள்ளியோ மேகமோ கலந்தது அழுக்கை மறைக்கும். பெரிய பெரிய மார்பிள் ரேகை ஓடும் டைல் ஐந்தடிக்கு எட்டடி அறையில் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, ரேகை ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். எங்களுக்கு அது பிடிப்பதில்லை.

வெள்ளையிலும் இரண்டு வெள்ளை உண்டு: நீலம் ஓடிய வெள்ளை, பால் வெள்ளை. பால் வெள்ளைச் சுவருக்குக் கீழே நீலம் கலந்த சாம்பல் தரை வந்தால், புதுச் சுவரே பழுத்துப்போன மாதிரி தெரியும். கடை விளக்கில் இது தெரியாது. மாதிரிக்கு ஒரு டைல் வாங்கிவந்து, குளியலறையிலேயே சுவர் டைலை ஒட்டிக் கீழே வைத்துப் பாருங்கள். காய்ந்தபடி ஒரு தடவை, நனைத்து ஒரு தடவை. பகலில் ஒரு தடவை, விளக்குப் போட்டு ஒரு தடவை.

இன்னொன்று, இன்றைக்கே கொத்தனாரிடம் சொல்லுங்கள்: சுவரின் அடி வரிசையை ஒட்டாமல் விடட்டும். தரை முடிந்தபிறகு அந்த வரிசை தரை டைலின் மேல் வந்து உட்கார வேண்டும், நடுவில் 3 மில்லிமீட்டர் இடைவெளியோடு. அப்போதுதான் சுவரில் வழியும் தண்ணீர் தரை டைலின் மேல் விழும். மாற்றிப் போட்டால் நேராக இடுக்குக்குள் இறங்கும். அந்த இடைவெளியில் கிரவுட் (டைல் இடுக்கை நிரப்பும் பூச்சு) வேண்டாம், பூஞ்சை பிடிக்காத சிலிகான் அடைக்கச் சொல்லுங்கள். சுவரும் தரையும் தனித்தனியே அசைபவை. கிரவுட் சில மாதத்தில் கோடாக வெடித்துவிடும்.

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய அம்மா வீட்டில் இருக்கிறார். ‘மேட்’ டைல் போட்டால் வழுக்காது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பாதி நம்பலாம். ‘மேட்’ என்றால் பளபளப்பு இல்லை என்றுதான் பொருள். வழுக்காது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. ‘ஆன்டி ஸ்கிட்’ என்று கேளுங்கள். பெட்டியிலோ கம்பெனி விவரத் தாளிலோ ஆர்9, ஆர்10, ஆர்11 என்று இருந்தால் ஆர்10-க்குக் குறையாமல் எடுங்கள். வெறுங்காலுக்கென்று ஏ, பி, சி என்று தனித் தரம் உண்டு. ஷவர் தரைக்கு பி. ஆர் வரிசை எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஷூ போட்டு நடந்து சோதிப்பது. ஏ, பி, சி சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு சோதிப்பது. அம்மாவுக்குப் பொருந்துவது இரண்டாவதுதான்.

இரண்டுமே அச்சிட்டிருக்கவில்லை என்றால், டைலின் மேல் தண்ணீரும் இரண்டு சொட்டு ஷாம்பூவும் விட்டுக் கட்டைவிரலை அழுத்தித் தள்ளுங்கள். விரல் தடைபட்டுத் தடைபட்டு நகர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் வைத்துவிட்டு வாருங்கள். அதே சமயம் மணல்தாள் மாதிரிச் சொரசொரப்பும் வேண்டாம்: பாதம் நோகும், அழுக்கு பள்ளத்தில் இறங்கித் துடைப்பத்துக்கு வராது.

அளவும் முக்கியம். சின்ன டைலில் ஜாயின்ட் அதிகம். கால் ஒவ்வோர் அடியிலும் ஜாயின்டில் பிடிக்கும். ஷவருக்கு நேர் கீழே மட்டும் 4 அங்குல டைல் அல்லது வலையில் ஒட்டி வரும் மொசைக் துண்டுகளைப் போட்டு, மீதித் தரைக்கு அதே நிறத்தில் 12-க்கு 12 போடலாம்.

எந்த டைலும் எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் தோற்கும். சீயக்காயும் அரப்பும் தலையில் உள்ள எண்ணெயைத்தான் எடுக்கும். தரையில் வழிந்தது அங்கேயே இருக்கும். குளித்து முடித்ததும் ஒரு குவளை வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற்றி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் போடுங்கள். டைல் ஒட்டுவதற்கு முன்பே இடத்தைக் குறித்து, அங்கே செங்கல்லோ கான்கிரீட்டோ கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஹாலுக்கு வாங்கிய 2-க்கு 2 அடி விட்ரிஃபைடு டைல் மேட் ரகத்தில் மிச்சம் இருக்கிறது. 5-க்கு 8 அடி குளியலறைக்கு அது போதும். போடலாமா? கொத்தனார் தயங்குகிறார்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: தயங்குகிற கொத்தனார் கிடைத்தது உங்கள் நல்ல நேரம். சிக்கல் வாட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் ஓடித் தொலைய 80-க்கு 1 வாட்டம் வேண்டும். அதாவது 5 அடி நீளத்துக்கு முக்கால் அங்குல இறக்கம். நஹானி டிராப் (தரையில் தண்ணீர் இறங்கும் வடிகால்) அறையின் நடுவிலோ ஒரு மூலையிலோ இருந்தால், நாலு பக்கமிருந்தும் அதை நோக்கித் தரை சரிய வேண்டும். இரண்டடி டைல் வளையாது. குறுக்கே மூலைக்கு மூலை வெட்டினால் ஒழிய ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், இன்னொரு பக்கம் தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தில் பாசி, பாசியில் வழுக்கல்.

பெரிய டைல்தான் என்றால் ஒரு வழி உண்டு. சுவரோரம் நீளவாக்கில் வடிகால் ஜாலி வைத்து, தரை முழுவதையும் அந்த ஒரு பக்கத்துக்கே சாய்க்க வேண்டும். அப்போது மூலைக்கு மூலை வெட்ட வேண்டாம். பைப் இடத்தை மாற்ற வேண்டியிருக்கும்; தளம் போடுவதற்கு முன்னால் என்றால் செலவு சின்னது.

ஒட்டுவதையும் கவனியுங்கள். விட்ரிஃபைடு டைல் தண்ணீர் உறிஞ்சாது. அதனால் வெறும் சிமென்ட் பாலில் பிடிமானம் குறைவு. பாலிமர் கலந்த டைல் பசை வேண்டும். 20 கிலோ மூட்டை 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 45 முதல் 50 சதுர அடி வரும். உங்கள் 40 சதுர அடிக்கு ஒரு மூட்டை. அதற்கு முன் கலவைத் தளத்திலேயே வாட்டம் எடுத்திருக்க வேண்டும். பசையைத் தடிப்பாக அப்பி வாட்டம் கொண்டுவந்தால் காயும்போது சுருங்கி டைல் இறங்கும். பல் கரணையால் முழுப் பரப்புக்கும் இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் பொட்டு வைத்து ஒட்டினால் அடியில் வெற்றிடம் விழும், அதில் தண்ணீர் தங்கி நாறும். மறுநாள் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டுகிற சத்தம் வந்த டைலை அன்றே எடுத்துவிட வேண்டும்.

தரைத்தளக் குளியலறை என்றால் டைலைவிட நிரப்பு மண் பெரிய விஷயம். நம் பக்கத்துக் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். வயலிலிருந்து வெட்டிய மண்ணை அப்படியே கொட்டி மூடாமல், மணலோ கிராவலோ 6 அங்குலம் 6 அங்குலமாகப் போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டிருக்க வேண்டும். அது சரியில்லை என்றால் எந்த டைலும் ஒரு ஐப்பசி–கார்த்திகை தாண்டுவது சந்தேகம்.

தளத்தின் மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு கை. ஒன்றுக்குக் குறுக்காக மற்றொன்று. சுவரில் 1 அடி உயரம் வரை, ஷவர் பக்கம் 6 அடி வரை ஏற்றுங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்ததும் டிராப்பைத் துணியால் அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் டைல் போடக் கூடாது.

கேள்வி: போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தரை ஜாயின்டில் இருந்த வெள்ளைப் பூச்சு மஞ்சளாகி, இப்போது உதிர்கிறது. வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவியும் இப்படி ஆகிறது.
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஆசிட் ஊற்றிக் கழுவுவதால்தான் உதிர்கிறது. சாதாரண கிரவுட் சிமென்டால் ஆனது. ஆசிட் அதைக் கரைத்துவிடும். கரைந்த பள்ளத்தில் அழுக்கும் மஞ்சள் பொடியும் இன்னும் சுலபமாக ஏறும். ஆசிட்டை நிறுத்துங்கள். முக்கியமாக, ஆசிட் ஊற்றிய தரையில் பிளீச்சிங் பவுடர் தூவிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

உப்புப் படிவுக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு) கலந்து டைல் மேல் மட்டும் தடவி, 10 நிமிடம் விட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை போதும். கடப்பா, மார்பிள் தரைக்கு இதுவும் ஆகாது.

உதிர்ந்த ஜாயின்டைக் குறைந்தது டைல் கனத்தில் முக்கால் பங்கு ஆழம் வரை சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்சி கிரவுட் அடைக்கச் சொல்லுங்கள். தரைக்கு வெள்ளை வேண்டாம். டைலைவிட ஒரு படி அடர்ந்த சாம்பலோ பழுப்போ. 12-க்கு 12 டைலில் 3 மில்லிமீட்டர் ஜாயின்டுக்கு 40 சதுர அடிக்கு ஏறக்குறைய 1 கிலோ ஆகும். சேதாரத்தோடு ஒன்றரை வைத்துக்கொள்ளுங்கள். 4 அங்குல டைல் என்றால் 3 கிலோ.

எபாக்சியில் பிசின், ஹார்டனர், நிறப் பொடி மூன்றும் தனித்தனியாக வரும். குத்துமதிப்பாகப் பிரித்துக் கலந்தால் இறுகாது, எடை போட்டே பிரிக்க வேண்டும். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், அதனால் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அடைக்கட்டும். டைல் மேல் வழிந்ததை உடனுக்குடன் ஈர ஸ்பாஞ்சால் துடைக்காவிட்டால், சொரசொரப்பான டைலில் அந்தப் படலம் நிரந்தரம்.

கேள்வி: வெள்ளைச் சுவருக்குக் கீழே ஆத்தங்குடிக் கல் போட ஆசை. குளியலறைக்கு ஆகுமா?
– வாசகி, திருவையாறு

பதில்: ஷவர் பக்கம் வேண்டாம். அது சூளையில் சுடாத சிமென்ட் கல். தண்ணீர் உறிஞ்சும், சோப்பு கறை விடும், மேல்பரப்பு வழவழப்பு. முற்றத்துத் தாழ்வாரத்துக்கும் பூஜை அறைக்கும் அது அழகு. குளியலறையில் அந்தக் கோலம்தான் வேண்டுமென்றால், அதே வடிவம் அச்சிட்ட ஆன்டி ஸ்கிட் டைல் 12-க்கு 12-இல் கிடைக்கிறது. வெள்ளைச் சுவருக்குக் கீழே அது ஒன்றே போதும். சுவரில் பார்டர், பூ எதுவும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: கணக்குக்கு மேல் எத்தனை டைல் சேர்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: நேர் வரிசைக்கு 10 சதவீதம், சாய்வாகப் போட்டால் 15. 40 சதுர அடிக்கு 12-க்கு 12 டைல் 44 வரும். பழுதுக்கென்று மேலும் நாலைந்தை எடுத்துப் பரணில் வையுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றுதானா என்று வண்டியில் ஏற்றும் முன்பே பாருங்கள். பெட்டி உடைத்தபின் கடைக்காரர் மாற்றித் தரமாட்டார்.