கரும்பு எந்த மரத்தில் காய்க்கும்?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது, படிப்பு முடிந்துவிட்டது. ஒரு வருஷம் ஆஸ்திரேலியாவைச் சுற்றப் போகிறானாம். போகிற இடத்தில் பழ அறுவடை செய்து செலவைப் பார்த்துக்கொள்வானாம். திரும்பி வந்ததும் கல்யாணம் பேசலாம் என்றிருக்கிறோம். அனுப்பலாமா?
– ஒரு தாய், சேந்தாந்த்ரே, ரியூனியன்

பதில்: பழ அறுவடையா? கையில் அரிவாளோடு ஆரஞ்சு மரத்தடியில் நிற்கிற பையனை நினைத்துப் பார்த்தேன் தாயே, பயமாக இருக்கிறது. நெல்லைத்தான் அறுப்பார்கள். பழத்தைப் பறிப்பார்கள். பூவைக் கொய்வார்கள், வெற்றிலையைக் கிள்ளுவார்கள், முருங்கைக்காயை ஒடிப்பார்கள், புளியை உலுக்குவார்கள், கடலையைப் பிடுங்குவார்கள், கிழங்கைத் தோண்டுவார்கள், கரும்பை வெட்டுவார்கள். வேலைக்கு ஒரு சொல் வைத்துவிட்டுப் போனார்கள் பெரியவர்கள். நாமோ எல்லாவற்றையும் 'அறுவடை' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். சில வருஷங்களுக்கு முன் இதே பத்திரிகையில் நண்பர் ஒருவர் 'கரும்பு பறிக்கும் காலம் தொடங்கியது' என்று தலைப்புப் போட்டார். எந்த மரத்தில் என்று கேட்டேன். அன்றிலிருந்து கோயிலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

சரி, மகனுக்கு வருவோம். நம் தீவு பிரான்சைச் சேர்ந்தது, அதனால் அவன் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். ஊரைச் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க ஆஸ்திரேலியா தருகிற 'வொர்க்கிங் ஹாலிடே' விசா அதற்கு 35 வயதுவரை உண்டு. ஒரு வருஷம் செல்லும். பெருநகரங்களை விட்டுத் தள்ளி, தோட்டவேலை மாதிரி அவர்கள் பட்டியலில் உள்ள வேலையை 88 நாள் பார்த்தால் இரண்டாம் வருஷத்துக்கும் விண்ணப்பிக்கலாம். வம்பே அந்த 88இல்தான் இருக்கிறது. சான்று காட்ட வேண்டுமே என்று பையன்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள். அது தெரிந்த ஆள் அங்கேயும் இருப்பான். பாட்டன் காலத்தில் கங்காணி, இப்போது கான்ட்ராக்டர். படுக்கைக்கு இவ்வளவு, வேனுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு மிச்சத்தை நீட்டுவான். பறிக்கப் போனவனிடமே பறிப்பது. (சரியான சொல்லைப் போட்டால் எத்தனை வேலைக்கு ஆகிறது பாருங்கள்!)

கூடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், உழைத்த மணிக்கணக்குக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்று 2022 ஏப்ரலில் விதி வந்துவிட்டது. அதனால் மணிக்கணக்கை அவனே தினமும் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். இந்தியக் கூலிகளை அனுப்ப பிரிட்டனும் பிரான்சும் போட்ட 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஐந்து வருஷக் கைநாட்டு வைத்துக் கப்பலேறி இங்கே வந்தவர்களுக்கு அந்த நோட்டு வாய்க்கவில்லை. வரியும் முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் போய்விடும். டாஸ்மேனியாவில் டிசம்பர், ஜனவரியில் செர்ரி. மழை பெய்தால் பழம் வெடிக்கும், வேலை நிற்கும், படுக்கை வாடகை நிற்காது. குவீன்ஸ்லாந்தின் வாழைத்தோட்டம் என்றால் தாரைத் தோளில் வாங்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். டிசம்பரில் உங்கள் கொல்லையில் லெச்சிப் பழத்தை (லிச்சி) கொத்தோடு ஒடிப்பது யார்? அவனா, நீங்களா? நீங்கள்தான் என்றால் கையோடு நீங்களும் ஒரு டிக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணம் என்றீர்களே, அதில் எனக்கு வனிலா ஞாபகம் வந்துவிட்டது. மெக்சிகோவிலிருந்து நம் தீவுக்குக் கொடி வந்தது, அதன் தேனீ வரவில்லை. கொடி இருந்தும் காய் இல்லை. 1841இல் இங்குள்ள சேந்த் சுசானில் எத்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியும் கட்டைவிரலும் வைத்துப் பூவுக்கு மகரந்தம் சேர்த்துக் காட்டினான். அந்த வேலை செய்கிற பெண்களுக்கு நம் தீவில் 'மாரியேஸ்' என்று பெயர். கல்யாணம் கட்டிவைப்பவர்கள்! காலையில் மலர்கிற பூ மதியத்துக்குள் வாடிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். காய் முற்ற ஒன்பது மாதம்.

உங்களுக்கு ஒரு வருஷம் இருக்கிறது. தாராளமாக அனுப்புங்கள், நிதானமாகப் பெண் பாருங்கள். அழைப்பிதழை மட்டும் அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்புங்கள், பிழை பார்த்துத் தருகிறேன். அந்த நண்பரிடம் கொடுத்துவிடாதீர்கள்.