கணினி கேள்வி-பதில்: வவுச்சர் வாங்கும் முன்

ஐடி வேலைக்கான முதல்படிச் சான்றிதழ்கள் பற்றி ராமநாதபுரம் கடலோர வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். காம்ப்டியா என்பது இவற்றில் பலவற்றைத் தரும் அமைப்பு, ஏ பிளஸ் என்பது கணினிப் பராமரிப்பு வேலைக்கான அதன் சான்றிதழ். தேர்வுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டி வாங்கும் குறியீடுதான் வவுச்சர்.

கே: டிப்ளமோ முடித்திருக்கிறேன். காம்ப்டியா ஏ பிளஸ் எழுத ஆசை. சீனியர் அண்ணன் ஒருவர் 220-1101, 220-1102 புத்தகங்களைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
— ஒரு வாசகர், பாம்பன்

ப: அந்த எண்ணுள்ள தேர்வுகளே இப்போது இல்லை. ஆங்கிலத்தில் 2025 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள். நீங்கள் எழுத வேண்டியவை 2025 மார்ச்சில் வந்த 220-1201, 220-1202. முதலாவது கோர் 1, அடுத்தது கோர் 2. இரண்டிலும் தேறினால்தான் ஏ பிளஸ். ஒன்றைப் பழைய வரிசையிலும் மற்றொன்றைப் புதிய வரிசையிலும் எழுதிச் சேர்க்க முடியாது.

ரேம், பிரிண்டர், கேபிள் எல்லாம் பழைய புத்தகத்திலும் அதேதான் என்பதால் சும்மா கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பாதி விலை கொடுக்காதீர்கள். முதலில் காம்ப்டியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எக்ஸாம் அப்ஜெக்டிவ்ஸ் பிடிஎஃபை இறக்கி அச்செடுங்கள். கேள்வி வரும் தலைப்புகள் வரிவரியாக அதில் இருக்கின்றன. ஒவ்வொரு வரியையும் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு நிமிடம் விளக்கிப் பாருங்கள், திணறும் வரியில் பென்சிலால் குறியிடுங்கள். யூடியூபில் புரொஃபசர் மெஸ்ஸரின் இலவச வீடியோக்கள் இதே வரிசையில்தான் போகின்றன. புதிய எண்ணுக்கான தொகுப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கோர் 1-இல் பழுது கண்டுபிடிப்புக்கு 28 சதவீதம், ஹார்டுவேருக்கு 25, நெட்வொர்க்குக்கு 23, மொபைல் சாதனங்களுக்கு 13, கிளவுடுக்கு 11. பலரும் ஹார்டுவேர் பெயர்களை உருப்போட்டுவிட்டுப் பழுது பகுதியில் கவிழ்கிறார்கள். "ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது, இணையம் இல்லை, அடுத்து என்ன செய்வாய்?" என்கிற தினுசில்தான் கேட்பார்கள். கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து அது வரவில்லை, அதனால் கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று சட்டெனத் தோன்ற வேண்டும். கோர் 2-இல் ஆபரேட்டிங் சிஸ்டமும் பாதுகாப்பும் ஆளுக்கு 28.

ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. மதிப்பெண் 100 முதல் 900 வரையான அளவுகோலில் வரும். கோர் 1-க்கு 675, கோர் 2-க்கு 700 தேவை. இழுத்துப் போட்டுச் செய்துகாட்டும் கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். அவற்றைக் குறியிட்டுத் தாண்டுங்கள், மற்றதை முடித்துவிட்டு வாருங்கள். முதல் கேள்வியிலேயே கால் மணி நேரத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. தோற்றால் இரண்டாம் முறை உடனே எழுதலாம், மூன்றாம் முறைக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம்.

கே: என் மகன் பழகுவதற்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறான். சில நாள் ஆன் ஆகிறது, சில நாள் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

ப: போட வேண்டாம் அம்மா. அவனுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. அந்தப் பச்சை, உப்புக்காற்று செம்பில் ஏற்றிய களிம்பு. பீப் சத்தம் பெரும்பாலும் ரேம் சரியாகத் தொடவில்லை என்பதற்கான அடையாளம்.

மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி ரேமை நேராக மேலே எடுக்க வேண்டும். பொன்னிற விளிம்பை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, பிசிறு விடாத துணியால் ஒரே திசையில் துடைக்கட்டும். தண்ணீர், தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது. ஸ்லாட்டில் வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரமே அடுத்த களிம்புக்கு வித்து. மெல்லிய பிரஷ் போதும். பத்து நிமிடம் உலரவிட்டு, இரண்டு முனையிலும் கொக்கி 'டக்'கென்று தானே விழும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் மறுபடி அதே பீப்தான். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது கெட்டது, எந்த ஸ்லாட் கெட்டது என்று பிரிந்துவிடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் நிற்கும்.

தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்கே போகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி (3 வோல்ட்) தீர்ந்திருக்கும். தேதி தவறினால் பிரவுசரில் பாதுகாப்பான தளங்கள் எல்லாம் சான்றிதழ்ப் பிழை காட்டும். நெட் கோளாறு என்று நினைத்து மோடத்தைக் கழற்றுபவர்கள் உண்டு. இந்த இரண்டையும் கோத்துக் கேட்பது தேர்வுக்காரர்களுக்குப் பிடித்த விஷயம்.

நம் ஊர் ஈரக் காற்றில் ஸ்டேட்டிக் (உடம்பில் சேரும் நிலைமின்சாரம்) தொல்லை குறைவு. ஆனாலும் தேர்வில் கேட்டால் மணிக்கட்டுப் பட்டை அணிவதுதான் விடை.

மெஷின் எழுந்த பிறகு ரேம் 8 ஜிபி, ஒரு எஸ்எஸ்டி என்று ஏற்றிக் கொடுங்கள். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டிப் பார்க்க உதவும் விர்ச்சுவல் பாக்ஸ் இலவசம், மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் 11 எண்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பு 90 நாள் ஓடும். அதற்குள் டிஸ்க்பார்ட், எஸ்எஃப்சி, செக்டிஸ்க், ஐபிகான்ஃபிக், நெட்ஸ்டாட் கட்டளைகளைக் கையால் தட்டிப் பழகட்டும். வீடியோவில் பார்த்த கட்டளை தேர்வு அறையில் நினைவுக்கு வராது.

கே: மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனி ஆபீசுக்கு 40 மீட்டர் கேபிள் இழுத்தேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. ஆனால் நெட் விட்டுவிட்டு வருகிறது. கேபிள் கெட்டதா?
— ஒரு வாசகர், உச்சிப்புளி

ப: இரண்டு முனையிலும் என்ன வரிசையில் கம்பிகளை அடுக்கினீர்கள் என்று பாருங்கள். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக அடுக்கியிருந்தால் அதுதான் நோய். டெஸ்டர் ஒன்று ஒன்றோடும் எட்டு எட்டோடும் சேர்கிறதா என்று மட்டுமே பார்க்கும், எந்தக் கம்பி எதோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நெட்வொர்க் கார்டு 3-ஐயும் 6-ஐயும் ஒரு ஜோடியாகப் பயன்படுத்துகிறது. உங்கள் அடுக்கில் அந்த இரண்டும் வேறு வேறு ஜோடியைச் சேர்ந்தவை. முறுக்கு இரைச்சலை ரத்து செய்யாது. இரண்டு மீட்டரில் ஓடிவிடும், 40 மீட்டரில் தள்ளாடும்.

டி568பி என்னும் சரியான வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து நீலத்தைக் கட்டிப் பிடித்திருக்கும். இரண்டு முனையும் இப்படியே. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள், மேலுறை பிளக்குக்குள் போய்க் கிளிப்பின் கீழ் கடிபட வேண்டும்.

வரிசை சரியாக இருந்தும் 1000-க்குப் பதில் 100 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றால் நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் தொடர்பு இல்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். இன்னொன்று: மலிவாகக் கிடைக்கும் சிசிஏ கேபிள் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கையால் வளைத்தாலே ஒடியும். கடலோர வெயிலில் மொட்டை மாடி வழியாக இழுப்பதானால் முழுச் செம்பு, வெளிப்புறத்துக்கான உறை என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் கேபிளில் ஜோடி மாறிய அந்தக் கோளாறுக்கு ஸ்பிளிட் பேர் என்று பெயர். கோர் 1, நெட்வொர்க் பிளஸ் (காம்ப்டியாவின் நெட்வொர்க் சான்றிதழ்) இரண்டுக்கும் பயன்படும்.

கே: தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாமா? மதுரை போவது அலைச்சல். ஆதாரில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, அதனால் பிரச்சினை வருமா?
— ஒரு வாசகர், தொண்டி

ப: இரண்டாவதிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலர் விழுவது இந்தக் குழியில்தான். காம்ப்டியா கணக்கில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் உள்ளபடியே அங்கே இருக்க வேண்டும். அட்டையில் வெறும் 'கே' என்றிருக்க, நீங்கள் அப்பா பெயரை முழுதாக அடித்திருந்தால் அன்றைக்கு உள்ளே விடாமல் போகலாம், கட்டிய பணமும் போகும். படமும் கையெழுத்தும் உள்ள, காலாவதியாகாத பாஸ்போர்ட் இருந்தால் அதையே காட்டுங்கள், அதில் உள்ளதையே கணக்கில் போடுங்கள். இல்லையென்றால் முன்பதிவு செய்யும்போது தேர்வை நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூ காட்டும் அடையாள அட்டை விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெயரைத் திருத்த வேண்டுமானால் தேதி போடும் முன்பே ஆதரவுப் பிரிவுக்கு எழுதுங்கள்.

வீட்டிலிருந்து எழுத முடியும். கதவைச் சாத்தக்கூடிய தனி அறை வேண்டும். மேஜையில் தாள், பேனா, கைக்கடிகாரம், இரண்டாவது திரை எதுவும் கூடாது. தொடங்கும் முன் முகம், அட்டை, அறையின் நான்கு பக்கம் என்று போனில் படம் எடுக்கச் சொல்வார்கள், பிறகு போன் கைக்கெட்டாத தூரம். கேள்வியை முணுமுணுத்துப் படித்தாலோ, அம்மா காபியோடு உள்ளே வந்தாலோ தேர்வை நிறுத்திவிட முடியும். கேமரா எல்லையை விட்டு விலகினாலும் அதே கதை. கிறுக்க வெள்ளைத்தாள் கிடையாது, திரையில் ஒரு பலகை தருவார்கள். மவுசால் எழுதிக் கணக்குப் போடுவது சள்ளை, அதனால் சப்நெட் (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும்) கணக்குகளை அப்படியே பழகுங்கள். /26 என்றால் 64 முகவரி, பயன்படுத்த 62 என்பது கை தானாக எழுத வேண்டும்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் எழுதாதீர்கள், வயர் போட்ட இணைப்பு நல்லது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, மின்சாரம் போனால் அணைவது ரூட்டர்தான். அதன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பார்த்து (பெரும்பாலும் 12) சின்ன டிசி யுபிஎஸ் ஒன்று வாங்கி வைக்கலாம். அதே அறையில், அதே நேரத்தில், அதே லேப்டாப்பில் முந்தின நாள் சிஸ்டம் டெஸ்ட் ஓட்டுங்கள். அலுவலக லேப்டாப் வேண்டாம், விபிஎன்னும் கட்டுப்பாடுகளும் தகராறு செய்யும். தேதி மாற்றக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும்.

எங்கள் யோசனை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீட்டிலிருந்து எழுதாதீர்கள். பாம்பனில் கூண்டு ஏற்றினால் தொண்டியில் மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடு சின்னது, ஆள் நடமாட்டம் அதிகம் என்றாலும் மதுரை போங்கள். தொண்டியிலிருந்து நெடும் பயணம்தான். காலை 9 மணிக்கு முன்பதிவு செய்துவிட்டு விடியற்காலைப் பேருந்தில் தூக்கக் கலக்கத்தோடு போவதைவிட மதிய நேரத்தை எடுங்கள். அரை மணி நேரம் முன்னால் மையத்தில் இருங்கள்.

கே: அண்ணன் துபாயில் இருக்கிறார். அங்கிருந்து வவுச்சர் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார்.
— ஒரு வாசகர், கீழக்கரை

ப: வேண்டாம். வவுச்சர்களைப் பிராந்தியம் பிரித்து விற்கிறார்கள், ஒரு பிராந்தியத்தில் வாங்கியது மற்றொன்றில் செல்லாமல் போகும். அண்ணனைப் பணம் அனுப்பச் சொல்லுங்கள், இந்தியாவுக்கானதை இங்கேயே வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, படித்து முடிக்கும் தறுவாயில் வாங்கினால் போதும்.

கே: வாட்ஸ்ஆப் குழுவில் 'டம்ப்ஸ்' 500 ரூபாய்க்குத் தருகிறார்கள். "பாஸ் கேரண்டி" என்கிறார்கள்.
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

ப: அது திருடிய கேள்வித்தாள். கண்டுபிடித்தால் சான்றிதழைப் பறித்து, மறுபடி எழுதவும் தடை போடுவார்கள். அதில் பாதி விடை தவறாக இருப்பது தனிக் கதை. உங்களுக்குப் பதில் தாங்களே எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிடாதீர்கள். அதேபோல், "ஏ பிளஸ் சான்றிதழ்" என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையத்திடம் ஒன்று கேளுங்கள்: தருவது உங்கள் சான்றிதழா, காம்ப்டியாவினுடையதா? காம்ப்டியா சான்றிதழில் சரிபார்ப்பு எண் இருக்கும், வேலை தருபவர் அதைத் தளத்தில் போட்டுப் பார்ப்பார்.

கே: 2024 ஜூனில் ஏ பிளஸ் முடித்தேன். புதுப்பிக்க மறுபடி இரண்டு தேர்வும் எழுத வேண்டுமா?
— ஒரு வாசகி, ராமநாதபுரம்

ப: வேண்டியதில்லை. மூன்று ஆண்டு செல்லும், அதாவது 2027 ஜூன் வரை. அதற்குள் தொடர்கல்வி யூனிட் 20 சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு யூனிட், இலவச வெபினாரும் கணக்கில் வரும். பாடத்தில் குறைந்தது பாதி ஏ பிளஸ் தலைப்புகளோடு பொருந்த வேண்டும். பயிற்சிச் சான்றில் உங்கள் பெயர், தேதி, எத்தனை மணி நேரம் என்பது இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவை இருக்கின்றனவா என்று பார்த்து, முடித்த அன்றே பதிவேற்றுங்கள். இதற்கு ஆண்டுக்கு 25 டாலர் வீதம் 75 டாலர் கட்டணம் உண்டு.

நாங்கள் சொல்வது வேறு வழி. 20 மணி நேர வெபினாரில் கொட்டாவி விடுவதற்குப் பதில் நெட்வொர்க் பிளஸ் (என்10-009) எழுதுங்கள். தேறினால் ஏ பிளஸ் தானே புதுப்பிக்கப்படும், சான்றும் ஒன்று கூடும். அதன்பின் செக்யூரிட்டி பிளஸ் (எஸ்ஒய்0-701) தேறினால் கீழுள்ள இரண்டும் சேர்ந்து நீளும். அவற்றில் 900-க்கு முறையே 720, 750 வேண்டும். காலக்கெடு ஒரு நாள் தாண்டினாலும் பழைய ஏ பிளஸ் போய்விடும், பிறகு இரண்டு தேர்வும் முதலிலிருந்து.

கே: சவூதியில் இருந்தபோது 2009-இல் ஏ பிளஸ் எழுதினேன். செத்துவிட்டதா?
— ஒரு வாசகர், ஏர்வாடி

ப: இல்லை, உங்களுடையது ஆயுள் சான்றிதழ். 2011 ஜனவரி 1-க்கு முன் பெற்றவை காலாவதி ஆவதில்லை. ஆனால் அதில் விண்டோஸ் 11 கிடையாது என்பது வேலை தருபவருக்கும் தெரியும்.

கே: மைக்ரோசாஃப்டின் கிளவுட் அடிப்படைத் தேர்வான ஏஇசட்-900 எழுதினால் அதையும் புதுப்பிக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், சாயல்குடி

ப: வேண்டாம், அது சேர்ந்த ஃபண்டமெண்டல்ஸ் (அடிப்படை) வகை காலாவதி ஆகாது. அதற்கு மேலுள்ள அசோசியேட் வகைதான் ஓராண்டு செல்லும். முடிய ஆறு மாதம் இருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இலவசமாக, கண்காணிப்பாளர் இல்லாமல், புத்தகத்தைப் பார்த்தே எழுதிப் புதுப்பிக்கலாம். அறிவிப்பு மின்னஞ்சலில்தான் வரும், கல்லூரி மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியிருந்தால் படிப்பு முடியும் முன் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.